56 டிகிரி... அரை மணி நேரம்!

பாண்டிச்சேரி வந்தா பீச், ஒயிட் டவுன், மஞ்சள் சுவர் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ... ஓகே ஓகே. அடுத்த தடவை கூடவே இன்னொரு வேலையும் பண்ணுங்க. மொட்டைமாடி காபி ஷாப்ல பழைய மரப் பேலட்டுகளை அடுக்கி சோபா, டீப்பாய்னு போட்டிருப்பாங்க இல்லையா? உட்காருறதுக்கு முன்னாடி கொஞ்சம் குனிஞ்சு அதோட பக்கவாட்டைப் பாருங்க. கருப்பா ஒரு கட்டம். அதுக்குள்ள ஒரு கோதுமைக் கதிர். பக்கத்துல நாட்டோட பேருக்கு ரெண்டு எழுத்து, ஒரு நம்பர், கடைசியா எச்.டி. இல்லைன்னா எம்.பி.!

ஏதோ கம்பெனி லோகோன்னு நினைச்சு ஏறி உட்கார்ந்துடாதீங்க. அந்தக் கட்டத்தை நம்பித்தான் எங்க சித்தப்பா வீட்டுல அடுப்பு எரியுது.

நெல்லித்தோப்பில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் சித்தப்பாவுக்குப் பட்டறை. பட்டறைன்னா பெருசா கற்பனை பண்ண வேண்டாம். ஒரு வட்ட ரம்பம், ஆணி டப்பாக்கள், ரெண்டு ஆளு, ஓயாத எஃப்.எம். ரேடியோ. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பக்கம் இருக்கிற கம்பெனிகளுக்கு மரப்பெட்டியும் பேலட்டும் அடிச்சுக் குடுப்பார். உள்ளே மெஷின் பாகமோ, மண் பொம்மையோ, எதுவா இருந்தாலும் பெட்டி சித்தப்பாவோடது. சென்னை துறைமுகம் போய், கப்பல் ஏறி, அவர் மேப்பில்கூடப் பார்க்காத ஊருக்கெல்லாம் போகும்.

இப்ப மேட்டருக்கு வருவோம். கோதுமைக் கதிர் முத்திரை இல்லாத கட்டைமரப் பெட்டியை பெரும்பாலான நாடுகள் உள்ளே விடாது. ரோம்ல இருக்கிற ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் குடையின் கீழ 2002-ல வந்த விதி இது. பேரு ஐ.எஸ்.பி.எம். 15. அமெரிக்கா 2006 ஜூலையிலிருந்து இதை முழுசா அமல்படுத்துச்சு. முத்திரை இல்லையா? பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், எரிக்கலாம், செலவை உங்க தலையில கட்டலாம்.

விதி சிம்பிள்தான். மரத்தோட பட்டையை உரிக்கணும். அப்புறம் சூடு பண்ணணும். மேலாக இல்லை... கட்டையோட நட்ட நடுவுல 56 டிகிரி செல்சியஸ் வரணும், அது 30 நிமிஷம் நிக்கணும். கட்டைக்குள்ள ஓட்டை போட்டு சென்சரைச் சொருகிப் பார்க்கிறாங்க. சேம்பர் காற்று சூடாகிட்டாலும் தடிமனான கட்டையோட உள்ளுக்குச் சூடு போக மணிக்கணக்காகும். சித்தப்பா பாஷையில சொன்னா, "இட்லி மாதிரிதான்டா. மேல வெந்துட்டா போதுமா? நடுவுல குத்திப் பார்க்கணும் இல்ல?"

எச்.டி.ன்னா இந்தச் சூடு. எம்.பி.ன்னா மீதைல் புரோமைடு வாயுவுல ஒரு நாள் முழுக்கப் புகை போடுறது. இதுல ஒரு காமெடி இருக்கு. மீதைல் புரோமைடு ஓசோன் படலத்தை ஓட்டை போடுற சாமான். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-லயும், இந்தியா மாதிரி நாடுகள் 2015-லயும் இதைக் கைவிடணும்னு கெடு. ஆனா ஏற்றுமதி, குவாரன்டைன் வேலைகளுக்கு மட்டும் விலக்கு! மரத்தைக் காப்பாத்த வானத்தைக் கொஞ்சம் கிழிச்சுக்கலாம்னு அர்த்தம். ஐரோப்பிய யூனியன் 2010-ல அந்த விலக்கையும் நிறுத்திடுச்சு.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? 1996-ல நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில தெருவோர மேப்பிள் மரங்கள்ல விரல் நுழையிற சைஸ்ல ஓட்டைகள். உள்ளே ஆசிய நீளக்கொம்பு வண்டு. சீனாவிலிருந்து வந்த பெட்டிக் கட்டைக்குள்ள புழுவா ஒளிஞ்சு வந்திருக்கு. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாச்சு. 2002-ல டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சையில இன்னொரு வண்டு கண்ணுல பட்டுச்சு. பார்க்க அழகு! அது தின்னு தீர்த்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில். பேஸ்பால் மட்டை செய்யிற மரம்ங்க அது. நம்மூர்ல கிரிக்கெட் மட்டைக்கான வில்லோ மரம் மொத்தமும் காலியானா எப்படி இருக்கும்?

இனிமேதான் விஷயமே. சூடு பண்ணின கட்டையும் பண்ணாத கட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டிப் பாருங்க, மோந்து பாருங்க... ஒண்ணும் தெரியாது. ஒரு பச்சைக் கட்டைக்கும் வெந்த கட்டைக்கும் நடுவுல இருக்கிற ஒரே வித்தியாசம் அந்த மை. ஹாம்பர்க் துறைமுகத்துல நிக்கிற அதிகாரி, எங்கேயோ ஒரு சந்துல இருக்கிற முகம் தெரியாத ஆசாரியை நம்புறார். அவ்வளவுதான் சிஸ்டம்!

சித்தப்பாகிட்ட சேம்பர் கிடையாது. அதுக்கான முதல் அவர் கனவுலயும் இல்லை. அதனால அடிச்ச பெட்டிகளை டெம்போவுல ஏத்தி, அரசுகிட்ட பதிவு வாங்கின ட்ரீட்மென்ட் யூனிட்டுக்கு அனுப்புவார். அவங்கதான் சூடு பண்ணி, அவங்க நம்பரோட முத்திரை அடிக்கலாம். சித்தப்பா அடிக்கக் கூடாது. டெம்போ வாடகை, ட்ரீட்மென்ட் காசு, ரெண்டு நாள் தாமதம் எல்லாம் அவர் கணக்கு. கம்பெனிக்காரர்கள் விலையை மட்டும் ஏத்தித் தர மாட்டார்கள்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது ஒரு வியாழக்கிழமை. ரெகுலர் கஸ்டமர் ஒருத்தர் பட்டறைக்கே வந்துட்டார். சனிக்கிழமை கப்பல், நாற்பது பெட்டி உடனே வேணும். "டெம்போ போயிட்டு வர டைம் இல்ல அண்ணே. ஸ்டென்சில் நான் தரேன். நீங்க மையை மட்டும் அடிச்சு விடுங்க. எவன் வந்து கட்டைக்குள்ள பார்க்கப் போறான்?" தொகையையும் கூட்டிச் சொன்னார். அந்த மாசம் என் தங்கச்சி, அதான் சித்தப்பா பொண்ணு, அவளுக்கு ஃபீஸ் கட்டணும். அது எங்க எல்லாருக்குமே தெரியும்.

சித்தப்பா ரம்பத்தை நிறுத்திட்டு, "பெட்டி வேணும்னா தரேன் தம்பி. முத்திரை என்னுது இல்ல"ன்னார். கஸ்டமர் பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போச்சு.

கடத்தல் மாட்டிக்கிச்சு, கஸ்டமர் அழுதுக்கிட்டே திரும்பி வந்தார்னு எழுதினா சினிமா மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் எதுவும் நடக்கல. அந்தப் பெட்டிகள் நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சுன்னு கேள்விப்பட்டோம். அந்த ஆளு திரும்பி வரவே இல்லை. சித்தி ரெண்டு நாள் சித்தப்பாகிட்ட பேசல. ஃபீஸ் அபராதத்தோட கட்டினோம்.

"ஒண்ணும் ஆகலையே சித்தப்பா"ன்னு நானும் கேட்டேன். "இன்னைக்கு ஆகலை"ன்னு சொல்லிட்டு ஆணி பொறுக்கப் போயிட்டார். அப்ப எனக்கு அது சமாளிப்பு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பிரான்ஸ் கதையைப் படிச்சேன்.

நம்மூர்ல பாதித் தெருவுக்கு பிரான்ஸ்ல ஒரு சொந்தம் இருக்கும். சொல்தா பென்ஷன் வாங்கின தாத்தாக்களும் உண்டு. துலூஸ் பக்கம் யாராவது இருந்தா கனால் து மிதி பத்திக் கேளுங்க. 17-ஆம் நூற்றாண்டுக் கால்வாய், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ரெண்டு கரையிலும் குடை பிடிச்ச மாதிரி பிளேன் மரங்கள், சுமார் 42 ஆயிரம் இருந்துச்சு. 2006-ல அங்கே ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிச்சாங்க. பிடிச்ச மரம் பிழைக்காது. வெட்டி, அங்கேயே எரிக்கணும். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கில் வெட்டிக்கிட்டே இருக்காங்க. அந்தப் பூஞ்சை ஐரோப்பாவுக்கு எப்படி வந்துச்சு? ரெண்டாம் உலகப் போர் கடைசியில அமெரிக்கப் படைகள் கொண்டு வந்த தோட்டாப் பெட்டிகளோட மரத்துல வந்திருக்கணும்னு சொல்றாங்க. கணக்குப் போடுங்க. பெட்டி இறங்கினது 1940-கள்ல. கால்வாய்க்கரை மரம் சாக ஆரம்பிச்சது 60 வருஷம் கழிச்சு. பெட்டியைத் திறந்த அன்னைக்கு அங்கேயும் ஒண்ணும் ஆகலை!

நம்ம பக்கமும் வாங்குவோம், அடி. 2008-ல கோயம்புத்தூர்ல தலைகாட்டின பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோ பக்கத்து ஜாதி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு வெள்ளையா அப்பிக்கிச்சு. மருந்து அடிச்சு விவசாயிகள் ஓய்ஞ்சு போனாங்க. 2010-ல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைச்சு விட்ட பிறகுதான் அடங்குச்சு. அது கட்டைக்குள்ள குடியிருக்கிற பூச்சி இல்லை, அதனால கோதுமைக் கதிர் அதைத் தடுத்திருக்காது. ஆனா விசா இல்லாம வர்ற ஒரு பூச்சி என்ன பண்ணும்னு பப்பாளி போட்ட நம்ம விவசாயிகிட்ட கேட்டா, ரோம்ல விதி எழுதினவங்களை விட நல்லா சொல்வார்.

எனக்கு ஒரே ஒரு கோபம். விதி சரி, அதுல தப்பே இல்லை. ஆனா உலகத்துக் காட்டையெல்லாம் காப்பாத்துற செலவு, டெம்போ வாடகையா ஒரு சந்துப் பட்டறை மேல விழுது. தொழிற்பேட்டைக்கு ஒண்ணுன்னு பொது சேம்பர் வெச்சு, சின்னப் பட்டறைகளுக்கு வாடகைக்கு விட்டா ஸ்டென்சில்காரர்களுக்கு வேலையே இருக்காதே!

அப்புறம் ஒரு டிப்ஸ். ஹாஸ்டல் ரூமுக்குப் பேலட் தூக்கிட்டு வர்றவங்க எச்.டி. பார்த்து எடுங்க. எம்.பி. வேண்டாம். முத்திரையே இல்லைன்னா மழைக்காலத்துல கட்டிலுக்கு அடியில மாவு மாவா கொட்டுதான்னு பார்த்துக்கங்க.

சித்தப்பா இப்ப ப்ளைவுட் பெட்டியும் அடிக்கிறார். ஒட்டும்போதே பசை, சூடு, அழுத்தம்னு எல்லாத்தையும் பார்த்துட்டு வர்ற சரக்குங்கிறதால ப்ளைவுட்டுக்கு விதியில விலக்கு. ஆனா ஃபோர்க் லிஃப்ட் தூக்க பெட்டிக்கு அடியில கட்டைமரம் கொடுத்தே ஆகணும், அதுக்கு விலக்கு கிடையாது. அந்தக் கட்டைகள் மட்டும் இன்னமும் டெம்போ ஏறிப் போய் வெந்துட்டு வருது.