பயணியின் சுப்ரா

நம் இல்லங்களில் உணவருந்துவதற்காகத் தரையில் விரிக்கும் துணியைச் 'சுப்ரா' என்கிறோம். 'ஸுஃப்ரா' என்னும் அரபுச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு நெகிழ்ந்தது. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. வழிப்பயணி எடுத்துச் செல்லும் கட்டுச்சோற்றுக்கே முதலில் ஸுஃப்ரா என்று பெயர். பின்னர் அச்சோற்றைப் பொதிந்த தோலுக்கும், அதை விரித்து அதன்மேல் உண்டமையால் விரிப்புக்கும் அப்பெயர் ஆகிவந்தது. பெயரிலேயே பயணத்தைச் சுமந்திருக்கும் ஒரு விரிப்பில் பல நாட்டு உணவுகளும் வந்தமர்வது வியப்பன்று.

எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் நிலவுகிறது. வியாழன் அந்தி சாய்ந்து வெள்ளி இரவு பிறந்ததும், ஏதேனும் ஓர் அயல்நாட்டு உணவைச் சமைத்து அனைவரும் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோம். இதைக் கேள்வியுற்ற உறவினர் ஒருவர், "நம்ம சாப்பாட்டுக்கு என்ன குறை மச்சான்? ஊரான் வீட்டுச் சமையல் நமக்கு எதற்கு?" என்றார். நியாயமான வினாதான். ஆனால் 'நம்ம சாப்பாடு' என்பது எது?

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வாஸ்கோடகாமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியபோது, இந்நாட்டுச் சமையலில் காரம் தந்தது மிளகே. பிரியாணி, சமோசா ஆகிய பெயர்கள் பாரசீகம் தந்தவை. அல்வா என்பது, இனிப்பைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த சொல். கீழக்கரையின் தொதலுக்கு மலாய் நாட்டு 'டோடோல்' உடன்பிறப்பு. முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பத்தை இலங்கை முஸ்லிம்களும் நாமும் ஒருசேரப் போற்றுகிறோம்.

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நிகழ்ந்தது. நம் புளியை அரபியர் 'தம்ர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றழைத்தனர். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. மடித்தது என்று பொருள்படும் 'முதப்பக்' மலாய் நாட்டில் முர்த்தபாக் ஆயிற்று. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதே இன்று மலேசியா முழுதும் பெயர்பெற்ற 'நாசி கண்டார்'. கடலோடிய சமுதாயத்திற்கு அயல்நாட்டு உணவு புதிதன்று.

இதற்குச் சான்று தேடி நான் நூலகம் செல்ல வேண்டியதில்லை. என் மாமியாரே போதும். அவர்கள் ரங்கூனில் பிறந்தவர்கள். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, கப்பலேறிச் சென்னைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அவ்வாறு வந்தோரின் பிழைப்புக்காகவே 1969-இல் பர்மா பஜார் தோன்றியது. சொத்தும் நகையும் கைவிட்டுப் போயின. கைமணம் மட்டும் போகவில்லை. 'மொஹிங்கா' என்னும் மீன் சாற்றை அவர்கள் இங்கே கிடைத்த பொருள்களைக் கொண்டே ஆக்கினார்கள். கெளுத்தி மீனை எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, மஞ்சளுடன் வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, வாழைத்தண்டு சேர்த்து, வறுத்த கடலை மாவால் கெட்டியாக்குவார்கள். பர்மிய மீன் விழுதுக்குப் பதிலாகக் கருவாட்டுப் பொடி. அரிசி நூடுல்ஸுக்குப் பதிலாக நம் இடியாப்பம். மேலே அவித்த முட்டையும், எலுமிச்சைச் சாறும், பொரித்த வெங்காயமும்.

அவர்கள் மறைந்தபின் அந்த மணம் சில காலம் எங்கள் வீட்டில் இல்லாதிருந்தது. அக்காலத்திலேயே வேறொன்றும் நேர்ந்தது. மூத்த மகன் பிழைப்புக்காக ஜித்தா சென்றான். மகள்கள் இருவரில் ஒருத்தி வேலைக்கும் ஒருத்தி கல்லூரிக்கும் போய் வெவ்வேறு நேரத்தில் திரும்பினர். ஆளுக்கொரு உணவைக் கைப்பேசியில் வரவழைத்து, ஆளுக்கொரு மூலையில் உண்ணும் பழக்கம் புகுந்தது. என் மனைவி சமைத்த சோறு மறுநாள் காலையில் பழையதாகியது. உணவு வீணாவது ஒரு துயரம். ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது உறங்கச் செல்வது அதனினும் பெருந்துயரம். இளையவள்தான் ஒருநாள், "வாப்பா, உம்மம்மா செய்வாங்களே அந்தச் சாறு, அதை நாமளே செஞ்சு பார்ப்போமா?" என்றாள். அவ்வாரமே சமைத்தோம். அன்றிரவு யாரும் கைப்பேசியில் உணவு கேட்கவில்லை.

எங்கள் குடியிருப்பு நொச்சிக்குப்பத்திற்கு நடைதூரத்தில் உள்ளது. கலங்கரை விளக்கத்திற்கும் சாந்தோமிற்கும் இடையே கடலை நோக்கியிருக்கும் இம்மீனவர் குடியிருப்பு, 2004 ஆழிப்பேரலையையும் கண்டது. 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகள் அகற்றப்பட்டபோது எழுந்த போராட்டத்தையும் கண்டது. 2024-இல் அச்சாலையில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நான் வாடிக்கையாக வாங்கும் அம்மையார், "இன்னா பாய், இன்னிக்கு எந்த ஊரு சமையலு?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனையே எடுத்துக் காட்டுவார்.

ஒருமுறை, "மீனவர் சோறு" என்று விடை கூறினேன். அவர் சிரித்தார், ஆனால் நான் கூறியது மெய்யே. மகன் ஜித்தாவில் உண்டு எங்களுக்குச் சொல்லியனுப்பிய உணவு 'ஸய்யாதிய்யா'. 'ஸய்யாத்' என்றால் வேட்டைக்காரர், மீன்பிடிப்பவரும் அவரே. லெபனான் கரையிலும் செங்கடல் கரையிலும் மீனவர் வீட்டில் பிறந்த சோறு இது. இதன் உயிர் வெங்காயத்தில் உள்ளது. ஒரு கிலோ மீனுக்கு அரைக் கிலோ வெங்காயத்தை மெல்லிதாய் அரிந்து, கருகுவதற்குச் சற்றுமுன் உள்ள செம்பழுப்பு நிறம் வரும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். அதில் பாதியை மீன் தலையுடனும் முள்ளுடனும் சீரகம், கொத்தமல்லி, பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்து வடித்தால் பழுப்புநிறச் சாறு கிடைக்கும். அரிசியை அச்சாற்றிலேயே வேகவிட்டு, பொரித்த மீனையும் மீதி வெங்காயத்தையும் மேலே பரப்பி, எலுமிச்சை பிழிந்து உண்பர். நாங்கள் கொடுவா மீனும் சீரகச் சம்பாவும் கொண்டு செய்தோம். மிளகாய்த் தூள் ஒரு சிட்டிகையும் இல்லாத மீன் சோறு இவ்வளவு சுவைக்கும் என்று என் மனைவி எதிர்பார்க்கவில்லை. மறுவாரம் அந்த அம்மையாருக்குச் செய்முறையைச் சொன்னேன். "தலையைத் தூக்கிப் போடாம சாறு எடுக்கிறாங்களா? அப்போ நம்மாளுங்கதான்" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் விலை ஏறும். ஆசிரியர் வருவாய் ஏறாது. அந்நாள்களில் 'முஜத்தரா' சமைப்போம். அரிசியும் முழு மசூர்ப் பருப்பும் வேகவைத்துப் பொரித்த வெங்காயம் தூவும் எளிய உணவு இது. வெண்சோற்றிடையே பருப்பு அம்மைத் தழும்புபோல் தெரிவதால் இப்பெயர் பெற்றது. 1226-இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலிலேயே இது இடம்பெற்றுள்ளது.

இவ்வழக்கத்தை மேற்கொள்ள விழைவோர் மூன்றைக் கருத வேண்டும். முதலாவது, ஹலால். அயல்நாட்டுப் புட்டிகளின் ஒட்டுச்சீட்டைப் படிக்காமல் வாங்கலாகாது. ஜப்பானியர் பயன்படுத்தும் 'மிரின்' அரிசி மதுவே. இரண்டாவது, சிக்கனம். அயல்நாட்டு உணவின் முறையைக் கொள்ளுங்கள்; பொருளை நம் கடைத்தெருவில் தேடுங்கள். வீண்விரயம் புகுந்த வீட்டில் பரக்கத் தங்காது.

மூன்றாவதே தலையாயது. வாரம் ஒரு புதுச்சமையல் என்பது இல்லத்தரசியின் தலையில் ஏற்றப்படும் புதுச்சுமை ஆகிவிடலாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. இதைப் பாடமாக நடத்துபவன் அடுப்படிக்கு வெளியே அமர்ந்திருப்பது அழகன்று. எங்கள் வீட்டில் மீன் வாங்கிக் கழுவுவதும் வெங்காயம் அரிவதும் என் பங்கு, அடுப்பு மகள்களுடையது, ஸஹன் கழுவுவது முறைவைத்து. அன்று ஒருநாள் என் மனைவி உப்புப் பார்ப்பதோடு சரி.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்களாயின், தொலைதூரம் செல்ல வேண்டாம். கொழும்பிலோ பினாங்கிலோ ரங்கூனிலோ வாழ்ந்து திரும்பிய முதியோர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. அவர்களுள் எஞ்சியிருப்போரிடம் இவ்வாரமே சென்று கேளுங்கள். அளவு சொல்ல அவர்களுக்குத் தெரியாது. "கண் பார்வைதான்" என்பார்கள். ஆகவே அவர்களைச் சமைக்கச் சொல்லி அருகிலிருந்து பார்த்து, கைப்பிடியைப் படியாக மாற்றி ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மொஹிங்காவின் அளவை மாமியார் இருந்தபோதே என் மனைவி ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த ஒரு பக்கத்தைக் கொண்டுதான் அந்த வெள்ளி இரவில் நாங்கள் அடுப்பை மூட்டினோம்.