மலைநாட்டில் ஒரு டர்போக் கார்: விலைக்குத் தகுமா?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பதிப்பாசிரியர் கேட்டபோது, நம் கல்லூரியின் பழைய ஆசிரியர்களைப் பற்றியோ விடுதி வாழ்வைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். அவ்விரண்டையும் என்னினும் செவ்வனே எழுத வல்லார் பலர் உளர். முப்பத்து நான்கு ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்து, ஓய்வுபெற்றுக் கண்டியிற் குடியிருக்கும் எனக்கு, சென்ற ஓராண்டாக மனத்தை விட்டகலாத பொருள் ஒரு மோட்டார்க் காரே. பழைய மாணவர் மலரில் காருக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இரண்டு பக்கம் பொறுத்தருள்க.

என் தம்பி புசல்லாவைப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் காரியாலயத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்து, ஓய்வுபெற்ற மறு ஆண்டே காலமானான். அவன் விட்டுச்சென்றவை ஒரு சிறு வீடும், ஊழியர் சேமலாப நிதியிற் சேர்ந்திருந்த தொகையுமே. அவனுடைய ஒரே மகன், என் பெறாமகன், கண்டியில் வங்கியொன்றிற் பணிபுரிகிறான். தன் சேமிப்போடு தந்தையின் தொகையையும் சேர்த்து, எஞ்சியதற்குக் கடனும் பெற்று, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்னும் காரை யப்பானிலிருந்து தருவிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1இல் நீங்கியதும் அவ்வாசை கொழுந்துவிட்டது. “உங்களுக்குத்தான் இயந்திரம் தெரியும், அத்தான். அந்தக் கார் அவ்வளவு காசுக்குத் தகுமா, தகாதா என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்றார் அவன் தாயார். தகாது என்று நான் சொல்லவேண்டும் என்பதே அவர் விருப்பம் என்பது குரலிலே தெரிந்தது. ஆயினும், ஆராயாமல் தீர்ப்புக் கூறும் பழக்கம் எனக்கில்லை.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். உருளைக்குள் புகும் காற்று மிகுந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் மிகும், விசையும் மிகும். வீணே வெளியேறும் புகையைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் மற்றொரு சக்கரத்தை இயக்கி, வெளிக்காற்றை அமுக்கி உட்செலுத்துவதே டர்போ. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்பார் 1905இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ், விமான எஞ்சின் ஒன்றைப் பதினாலாயிரம் அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏற்றி, மெல்லிய காற்றில் அது இழந்த வலுவை டர்போவினால் மீட்டுக் காட்டினார். டர்போ தன் திறமையை மெய்ப்பித்த இடம் ஒரு மலையுச்சி. இச்செய்தியை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் எனக்கு நுவரெலியா வீதியே நினைவுக்கு வருவதுண்டு.

கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அவ்வளவே குறையும். யப்பானிற் பதிவான சாதாரண 1.2 லீற்றர் ஸ்விஃப்ட்டின் 91 பரிவலு அங்கே எழுபத்தைந்து அளவிலே நிற்கும். அதன் முறுக்குவிசை 118 நியூட்டன் மீற்றர். அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 முறை சுழலும்போதே முழுமையாகக் கிட்டும். ஆகவேதான் றம்பொடைக்கு மேல், நால்வரை ஏற்றிய சிறிய கார், இரண்டாம் கியரில் ஓலமிட்டுக்கொண்டு ஏறுகிறது. 2017இல் வெளிவந்த ஸ்விஃப்ட் ஆர்.எஸ். என்னும் காரின் டர்போ எஞ்சினோ 996 கன சென்ரிமீற்றரே. எனினும் 150 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை 1,700 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. வளைவுக்கு வளைவு வேகந்தணிந்து மீண்டும் ஏறவேண்டிய நம் வீதிகளில் இவ்வேறுபாட்டைக் கால் உணரும், கணக்கு வேண்டுவதில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இதற்கு அண்ணன். 1,371 கன சென்ரிமீற்றர், 140 பரிவலு, 230 நியூட்டன் மீற்றர். எடையோ 970 கிலோகிராமே. 1976இல் ஜேர்மனியில் பிறந்த கோல்ஃப் ஜீ.ரீ.ஐ. முதலாக, சிறிய குடும்பக் காருக்குப் பந்தயக் குருதி ஏற்றும் மரபொன்று உண்டு; அம்மரபில் இது மலிவானதும் நேர்மையானதுமான ஒன்று. யப்பானில் ஆர்.எஸ்.ஸுக்கும் ஸ்போர்ட்டுக்கும் விலை வேறுபாடு சொற்பமே. அவ்வூரிலே என்னைக் கேட்டிருந்தால், ஸ்போர்ட்டையே வாங்கு என்று தயங்காமற் சொல்லியிருப்பேன்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே காருக்கு உற்பத்தி வரி விதிக்கப்படுவது எஞ்சினின் கொள்ளளவை அளந்தே. 2025 சனவரியில் வெளியான வர்த்தமானியின்படி, 1,000 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2,450 ரூபா. 1,300க்கு மேல் 1,500 வரையிலானதற்கு 4,450 ரூபா. கொள்ளளவு கூடுவதோடு வீதமும் கூடுகிறது என்பதே இதிலுள்ள சூட்சுமம். 996ஐ 2,450ஆற் பெருக்கினால் சுமார் 24 இலட்சம். 1,371ஐ 4,450ஆற் பெருக்கினால் சுமார் 61 இலட்சம். அவ்வரியையும் உள்ளடக்கிய தொகையின் மேல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 வீதம். இவ்விரண்டினால் மாத்திரம் இரு எஞ்சின்களுக்கும் இடையே விழும் வேறுபாடு சுமார் 43 இலட்சம் ரூபா. சுங்கத் தீர்வையையும் ஏனையவற்றையும் நான் இன்னும் தொடவில்லை. ஒரு நீர்க்குவளையினும் சற்றே பெரிய 375 கன சென்ரிமீற்றர் வெற்றிடத்துக்கு இவ்விலை! எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ பூட்டிய கார்கள், ஆயிரத்துக்குக் கீழ்ப்பட்ட ஔடி, ஹொண்டா முதலியன, தடைக்கு முன்னர் நம் நாட்டிலே பெருகியதன் காரணமும் இதுவே. வரி எழுதுவோன் கோடு கிழிக்க, பொறியியலாளன் அக்கோட்டின் கீழே குனிந்து நுழைகிறான்.

இனி, அந்த மேலதிக வலுவை மலை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காரும் அதிலுள்ளோரும் சேர்ந்து 1,200 கிலோகிராம் என்க. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு அவ்வெடையை உயர்த்தச் செலவாகும் சக்தி 16 மெகாயூல். எஞ்சினின் திறனையும் கருதினால், ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு லீற்றர் பெற்றோல். இரண்டு மணி நேரப் பயணமாயின், உயர்த்துவதற்கு வேண்டிய சராசரி வலு மூன்று பரிவலுவே! பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினாலும், சரிவை வெல்ல மட்டும் பதினைந்து பரிவலு போதும். மரக்கறி லொறியொன்றை முந்துகையில் அதனிலும் பன்மடங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் சிறிய டர்போவின் நூறு பரிவலு தாராளம். நம் வீதிகளில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் நகர்ப்புறத்தில் 50, வெளியே 70 கிலோமீற்றர். அதிவேகப் பாதையோ, 2022இல் மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையே திறக்கப்பட்டதோடு நிற்கிறது, கண்டியை எட்டவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கெட்டம்பையில் நிற்கும் 140 பரிவலுவுக்கும், பக்கத்தே நிற்கும் முச்சக்கர வண்டிக்கும் என்ன பேதம்?

நிற்க. கடுதாசிக் கணக்கோடு நான் நின்றுவிடவில்லை. கம்பளையிலுள்ள நண்பரொருவர், தடைக்கு முன் தருவித்த தம் ஸ்போர்ட்டை ஒரு ஞாயிறு காலை என்னிடம் தந்தார். பெறாமகனை அருகிலிருத்திப் புசல்லாவை கடந்து றம்பொடை வரை ஓட்டினேன். உண்மையை எழுதவேண்டும்: அத்தகைய இன்பத்தை வேறெக்காரிலும் நான் கண்டதில்லை. மூன்றாம் கியரில் வளைவை விட்டு வெளிவரும்போது முதுகிலே ஒரு கை வைத்துத் தள்ளுவது போலிருந்தது. திருப்பிய இடத்துக்கு மூக்கு வந்து நின்றது. அறுபத்தாறு வயதில் எனக்கே இவ்வாறாயின், இருபத்தொன்பது வயதினனைக் குறைசொல்ல நான் யார்? நுவரெலியாவில் 1934 முதற்கொண்டு மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடைபெற்று வருகிறது. மலைவீதியில் விரைந்தேறும் வேட்கை இந்நாட்டுக்குப் புதிதன்று.

இறங்கும் வழியில், வீதியிற் கிடந்த குழியொன்றில் முன்சில்லு அறைந்தது. ஸ்போர்ட்டின் ரயர், பதினேழு அங்குலச் சில்லின்மேல் ஒட்டிய மெல்லிய பட்டை. குழியின் அடி நேரே வளையத்துக்குத்தான் போகும். பெற்றோலும் உயர் ஒக்ரேன் கேட்பது. 2022 யூன் மாத இறுதியில் ஒக்ரேன் 95 ஒரு லீற்றர் 550 ரூபாவுக்கு ஏறியதையும், பின்னர் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையைக் காட்டி வரிசையில் நின்றதையும் நம்மில் எவரும் மறந்திரார். ஆர்.எஸ். யப்பானிற் சாதாரணப் பெற்றோலுக்கென அமைக்கப்பட்டது. டர்போச் சக்கரம் நிமிடத்துக்கு இலட்சம் முறைக்கு மேற் சுழல்வது. காலந்தவறாது எண்ணெய் மாற்றுவது இரண்டுக்கும் பொது.

ஆகவே என் தீர்ப்பு: மலைநாட்டிலே டர்போ விலைக்குத் தகும், அதனை ஆடம்பரம் என்பவர் றம்பொடை ஏறாதவர். ஆனால் ஸ்போர்ட்டுக்கென மேலதிகமாகக் கொடுக்கும் இலட்சங்களுள் மிகப் பெரும்பகுதி காருக்குள் வருவதில்லை, திறைசேரிக்குப் போகிறது. எஞ்சிய சிறுபகுதி வாங்கித்தரும் வலுவையும் நம் வீதி முழுதாய் ஏற்பதில்லை.

இதனைப் பெறாமகனிடம் கணக்கோடு வைத்தேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான்: “பெரியப்பா, கணக்கெல்லாம் சரி. அப்பா முப்பத்தெட்டு வருடம் பிறருடைய கணக்கைத்தான் எழுதினார். துரையின் கார் வரும்போது ரோட்டோரம் ஒதுங்கி நின்றார். பஸ்ஸில் நின்றபடியே கண்டிக்கு வந்து என்னைப் பார்த்தார். அவருடைய காசில் கணக்குப் பார்க்காத ஒரு பொருளாவது இருக்கக் கூடாதா?”

இதற்குப் பௌதிகவியலில் விடையில்லை. நானும் சொல்ல முயலவில்லை. என் தம்பி வீதியோரம் ஒதுங்கி நின்ற கோலத்தை நானும் கண்டிருக்கிறேன். காசு உன்னுடையது, தாயாரோடு பேசி முடிவு செய் என்று மட்டும் சொன்னேன்.

அப்பேச்சு முடியுமுன்னே 2025 நவம்பர் இறுதி வந்துவிட்டது. டித்வா புயலின் மழை கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகளைப் பெயர்த்த கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அதில் உறவினரை இழந்தோர் இம்மலரின் வாசகருள்ளும் இருப்பர். எங்கள் குடும்பத்தில் உயிர்ச்சேதமில்லை. தம்பி வீட்டின் பின்புற அணைசுவர் சரிந்து, சமையலறையின் பாதியை மண் மூடியது. பெறாமகன் வீதி திறந்த அன்றே பஸ்ஸிலும் கால்நடையாகவுமாகச் சென்று தாயைக் கண்டியிலுள்ள தன் அறைக்கு அழைத்து வந்தான்.

சேமலாப நிதிப் பணம் அணைசுவராகவும் கூரையாகவும் மாறியது. மிஞ்சியதோடு தன் சேமிப்பையும் சேர்த்து, 2018இல் இறக்குமதியான ஆர்.எஸ். ஒன்றைக் கட்டுகஸ்தோட்டையில் ஒருவரிடமிருந்து வாங்கினான், கடன் சிறிதே. எட்டு வயதான காருக்கு அவன் கொடுத்த விலை, அது புதிதாய் வந்திறங்கிய நாளின் விலையினும் கூடுதல். தடைக்காலம் நம் நாட்டுக் காருக்கெல்லாம் அளித்த வரம் அது. தாயார் முன்னிருக்கையில் அமர்ந்து புசல்லாவைக்குத் திரும்பியபோது, ஏற்றத்தில் கார் சத்தமிடாததைக் கவனித்து, “எஞ்சின் நின்றுவிட்டதா?” என்று கேட்டாராம்.

ஸ்போர்ட்டின் படம் இன்னும் அவன் கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது. அதை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. கம்பளை நண்பரோ, அடுத்த மலையேற்றப் போட்டிக்குத் தம் காரிலேயே போகலாம் என்கிறார். போகும்போது அவர் ஓட்டுவதாகவும், திரும்பும்போது நான் ஓட்டுவதாகவும் ஏற்பாடு. ஏறும் பாதியை எனக்குத் தருமாறு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.