எந்த நீலம் அசல்?

நாஷ்வில்லில் பழைய கிட்டார்களுக்கு மறுபூச்சு அடித்துத் தரும் சிறிய பட்டறை. மேசைமேல் 1963-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று, கழுத்தும் கம்பிகளும் கழற்றப்பட்டு வெறும் ஆல்டர் மரக்கட்டையாகக் கிடக்கிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஆலையிலிருந்து புறப்பட்டபோது அது 'லேக் பிளாசிட் ப்ளூ' என்ற மினுமினுப்பான மெட்டாலிக் நீலம். 1970களில் மரம் தெரிவதுதான் நாகரிகம் என்றாகி, எத்தனையோ கிட்டார்கள் பெயின்ட் ரிமூவருக்கு இரையாயின. இதுவும் அவற்றில் ஒன்று. இப்போதைய உடைமையாளர் அசல் நிறத்தைத் திரும்பக் கேட்கிறார். ஆனால் அசல் நிறம் என்று இரண்டு இருக்கின்றன. ஆலையை விட்டு வெளியேறிய நாளின் நீலம் ஒன்று. மேலே அடித்த நைட்ரோசெல்லுலோஸ் கிளியர் கோட் வருடக்கணக்கில் மஞ்சளித்து, பச்சைப் பக்கம் சாய்த்துவிட்ட நீலம் இன்னொன்று. சேகரிப்பாளர்களின் கண் பழகியிருப்பது இரண்டாவதற்கு. முழுதாகச் சுரண்டப்பட்ட கிட்டாருக்கு முதல் நீலத்தை அடிப்பதுதான் நேர்மையான வேலை என்பது என் கட்சி.

அந்த முதல் நீலம் எது என்று எப்படித் தெரியும்? சுரண்டியவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள். அது நம் அதிர்ஷ்டம். வெளிப்பரப்பை மழித்தவர்கள் கழுத்து பொருந்தும் குழியையும் பிக்கப் உட்காரும் பள்ளங்களையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பூச்சுக்காரர் கழுத்துக் குழியில் விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறார். ஓரமாக ஒரு பட்டை மட்டும் நிறமே படாத மரம். ஸ்பிரே அடிக்கும்போது கையில் பிடிக்க அங்கே ஒரு குச்சியைத் திருகி வைப்பது 1960களின் ஆலை வழக்கம். பட்டை வெறுமையாகவும் அதைச் சுற்றி நீலமாகவும் இருந்தால், அந்த நீலம் ஆலையிலேயே ஏறியது என்பதற்கு அது வலுவான சாட்சி. வெளிச்சம் அதிகம் படாத அந்த இடத்து நீலத்தில் பச்சையின் சாயலே இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. ஃபெண்டரின் சிறப்பு நிறங்களில் பெரும்பாலானவை டியூபான்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்கள்தான். வாடிக்கையாளரிடம் விலைக்குமேல் 5 சதவீதம் கூட வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார்கள். ஃபியஸ்டா ரெட் 1956-ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு. லேக் பிளாசிட் ப்ளூ 1958-ஆம் ஆண்டு காடிலாக்கின் நீலம். கார் பெயின்ட் என்பதால் கலவைக் குறிப்புகள் பிழைத்திருக்கின்றன. டியூபான்டின் இரண்டு வரிசைகளில் ஒன்று டூகோ, மற்றது லூசைட். இந்த நீலம் லூசைட். (நம் ஊர்த் தச்சர்கள் அலமாரிக்கு 'டூகோ அடிக்கணும்' என்பது அந்த முதல் வரிசையின் பெயரைத்தான்.)

வேலை என்னவோ நம் டிங்கரிங் பட்டறைகளில் நடப்பதுதான். உப்புத்தாள், சீலர், நிறம், கிளியர், கடைசியில் வாட்டர் பேப்பரும் பாலிஷும். வித்தியாசம் பொறுமையில் இருக்கிறது. லாக்கர் தின்னர் ஆவியாகித்தான் காய வேண்டும். ஆகவே மெல்லிய கோட்டிங்காகப் பல முறை அடித்துவிட்டு வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் பரப்பு வெள்ளை பூத்துப்போகும் என்பதால், டென்னஸியின் கோடையில் ஈரமானி சம்மதித்தால்தான் ஸ்பிரே கன் வெளியே வரும். எனக்கு மிகக் கடினமாகத் தெரிந்தது தேய்ப்புதான். விளிம்பு வளைவுகளில் விரல் சற்று அழுந்தினாலும் கிளியரைத் தாண்டி நீலமும் கிழிந்து சீலர் தெரிந்துவிடும். மெட்டாலிக் நிறத்தில் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் விளிம்புகளை இயந்திரத்திடம் கொடுக்காமல் வெறும் கையாலேயே முடிக்கிறார்கள்.

எளிதில் தீப்பற்றும், நுரையீரலைப் பதம்பார்க்கும் இந்த லாக்கர் எதற்கு, பாலியூரிதேன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, முகமூடியும் காற்றுறிஞ்சியும் இல்லாத இடத்தில் போதாது என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. லாக்கர் அடித்தால் மரம் 'மூச்சு விடும்', ஒலி திறக்கும் என்ற பதில் மட்டும் எனக்கு ஏற்பில்லை. 1960களின் முற்பகுதியிலேயே ஃபெண்டர் 'ஃபுல்லர்பிளாஸ்ட்' என்ற கெட்டியாக இறுகும் சீலரை அடியில் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அந்த மரம் எங்கே மூச்சு விட? லாக்கரின் நியாயம் வேறு. புது லாக்கர் பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும், ஆகவே நாளைக்கு வரும் கீறலை நாளைய பூச்சுக்காரர் தடயமில்லாமல் சரிசெய்ய முடியும். இறுகிப்போன பாலியில் அது நடக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மஞ்சளித்த பிளாஸ்டிக்கும் துரு ஏறிய திருகுகளும் உள்ள கிட்டாரில் புத்தம்புது நீலம் ஒட்டாமல் நிற்காதா? கிளியரில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, நாலு வெடிப்பும் உண்டாக்கினால் என்ன? ஃபெண்டரே 1995 முதல் 'ரெலிக்' என்று தேய்ந்த கோலத்தில் புதுக் கிட்டார்களை விற்கிறது. புதுக் கிட்டாரில் அது அலங்காரம். அதன் வயது யாருக்கும் ஐயமில்லை. உண்மையிலேயே 1963-இல் பிறந்த கட்டையில் செய்தால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். பாதி உரிந்த பழைய பூச்சில் ஒட்டுப்போடும்போது மஞ்சள் கலப்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்திலேயே அசல் இருக்க, அதற்கு இணங்கத்தானே வேண்டும். முழு உடலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. இதே காரணத்தால் ஆணித்துளைகளிலும் எனக்குப் பட்டறையோடு உடன்பாடில்லை. பூச்சு காயும்வரை உடலைத் தூக்கி நிறுத்த ஆலையில் அடித்த சிறு ஆணிகளின் துளைகள் அவை. ஆணியைப் பிறகுதான் பிடுங்குவார்கள் என்பதால் அசல் பூச்சில் துளைக்குள் பெயின்ட் இருக்காது. வாங்குபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இங்கே அதே துளைகளில் குண்டூசி செருகிவிட்டு ஸ்பிரே அடிக்கிறார்கள். கேட்டால் ஆலை முறையைப் பின்பற்றுவதாகப் பதில். பெயின்ட் உள்ளே போகட்டும் என்பேன். மறுபூச்சு என்று சொல்லும் அடையாளத்தை அடைக்கக் கூடாது. கழுத்துக் குழியின் பழைய நீலத்தை மூடாமல், பிக்கப் பள்ளத்தில் மறுபூச்சின் தேதியையும் எழுதிவைத்தார்கள், அதுவரை சரி.

பழைய பூச்சு தேய்ந்தாவது மிஞ்சியிருந்தால் தொடவே கூடாது. மறுபூச்சு கண்ட கிட்டார் சந்தையில் ஏறக்குறையப் பாதி விலைக்கு இறங்கும் என்பது பொதுக் கணக்கு. சுரண்டப்பட்ட கட்டையோ அந்த நஷ்டத்தை ஏற்கெனவே பட்டுவிட்டது. மெய்யாகவே குழப்புவது அடுக்கு நிறங்கள்தாம். விளிம்பை நோக்கிக் கருமை ஏறும் 'சன்பர்ஸ்ட்' அடித்த உடலின்மேலேயே ஃபெண்டர் ஆலை சிறப்பு நிறம் ஏற்றியது உண்டு. அங்கே அசல் எது என்றால், ஆலையின் கடைசிப் பூச்சு. கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினின் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்து மயங்கிய பிரிட்டனில், இறக்குமதியான சன்பர்ஸ்ட் கிட்டார்களை அங்கேயே சிவப்பாக்கி விற்றதும் 1960களில் நடந்தது. கணக்குப்படி அது அசல் அல்ல. ஆனாலும் அந்தச் சிவப்பைச் சுரண்டி அடியிலுள்ள சன்பர்ஸ்ட்டை எடுக்கச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், இந்தப் பட்டறை வேலையை ஏற்பதில்லை. அதில் நான் அவர்கள் பக்கம்.