ஊசித்தட்டானும் கை நடுக்கமும்

கையில் காமிராவைப் பிடித்துக்கொண்டே ஊசித்தட்டானைப் படம் எடுக்கப் போகிறவன், முதலில் தன் கையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். வயதைச் சொல்லவில்லை. எல்லார் கையும் நடுங்கத்தான் செய்கிறது. கிட்டே போனால்தான் அது தெரிகிறது.

காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ் பெற்ற மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. (எங்கள் வர்க்கத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்!) பத்து மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானையை 100 மில்லிமீட்டர் லென்ஸால் பிடித்தால், அது ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் காமிராவுக்குள் விழும். கை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தாலும், அந்த அசைவும் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகும். தட்டானை அதன் முழு அளவிலேயே எடுக்கும்போதோ, அசைந்த மில்லிமீட்டர் அப்படியே படத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, ‘100 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/100 வினாடி’ என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. நான் 1/250-க்குக் கீழே இறங்குவதே இல்லை. நடுக்கத்தைத் தடுக்கும் வித்தை இப்போது காமிராவுக்குள்ளேயே இருக்கிறதே என்பீர்கள். நெல்லையப்பர் கோபுரத்துக்கு அது நன்றாக உதவும். ஒரு சாண் தூரத்துத் தட்டானிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கை அடங்கினாலும் காற்று அடங்க வேண்டுமே! ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று குறுக்குத்துறை நாணலைப் பிடித்து ஆட்டும்போது 1/500-கூடப் போதாது. காற்று ஏறுவதற்கு முன், விடிந்தவுடன் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் வெளிச்சம் போதாது. வேறு வழியின்றி ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றுகிறேன். படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளி தட்டும். தட்டட்டும், கலங்கலைவிடப் புள்ளி மேல். ஃபிளாஷ் போட்டால் இந்தத் தொல்லைகளெல்லாம் தீரும் என்பது உண்மையே. ஆனால் பின்னாலிருக்கும் ஆறு இருட்டாகிவிடும். ஆறு இல்லாத தட்டான் எனக்கு எதற்கு?

ஒருநாள் மூச்சை அடக்கிக் குனிந்திருந்தேன். குளிக்க வந்தவர் ஒருவர், “என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டியளா?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது, தட்டானும் பறந்துவிட்டது.

ஷட்டர் வேகத்தால் தீராத அசைவு ஒன்றும் இருக்கிறது: உடம்பு முன்னும் பின்னும் ஆடுவது. துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுதான் கூட. அதனால் முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, மெல்ல முன்னால் சாய்ந்தபடியே நாலைந்து படங்களை அடுத்தடுத்துத் தட்டிவிடுவேன். அவற்றில் கண் தெளிவாக விழுந்த படத்தை வைத்துக்கொள்கிறேன். வால் நுனி கலங்கியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.