விடுபட்ட சிவப்பு

சிகரெட் பெட்டி கசங்காமலிருக்க உள்ளே செருகப்பட்ட ஒரு சிற்றட்டை, நூறாண்டு கடந்தும் மனிதரின் கருத்தைக் கவர்வது விந்தையே. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட்டுகளுடன் வழங்கிய பேஸ்பால் வீரர்களின் வண்ணப் படங்களையே குறிப்பிடுகிறேன். ஏறத்தாழ 1½ அங்குல அகலமும் 2⅝ அங்குல உயரமும் உடையவை அவை. புகையிலை விற்க விரித்த வலையே இப்படங்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்துள்ள இத்தகைய பழைய அட்டைகளைப் பெரிதாக்கிப் பார்க்கும்பொழுது, அச்சிட்டோரின் கைத்திறன் என்னைக் கட்டிப்போடுகிறது.

அவற்றை நியூயார்க்கின் அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி அச்சிட்டது. கையாண்ட முறை வண்ணக் கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையைக் கொண்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்ட கலை அது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பார்கள். வரைந்த இடம் அச்சு மையை ஏற்கும். ஈரமான இடம் மறுக்கும். வண்ணப் படமாயின், ஒவ்வொரு மைக்கும் தனித்தனிக் கல்லோ தகடோ வேண்டும். ஒரே தாள் பலமுறை அச்சேற வேண்டும். மஞ்சளின்மேல் நீலம் படிந்தால் பச்சைப் புல்வெளி. சிவப்பு படிந்தால் ஆரஞ்சு வானம். தாள் மயிரிழை விலகினாலும் உதட்டின் செம்மை மோவாய்க்கு இறங்கிவிடும்!

சில தாள்களில் ஒரு மை அடியோடு விடுபட்டுப் போயிற்று. சிவப்பு ஏறாத அட்டையில் வானம் மஞ்சளாய் நிற்கிறது. உதடு வெளிறிக் கிடக்கிறது. மஞ்சள் ஏறாததில் பச்சை நீலமாகிறது. பின்புற விளம்பரங்களிலும் மை வேறுபாடுண்டு. ‘ஹிந்து’ என்ற பெயருடைய சிகரெட்டின் விளம்பரம் பெரும்பாலும் பழுப்பு மையில் இருக்கும். சிவப்பில் அச்சானது அரிது. அரியதற்கு விலை அதிகமன்றோ? விலை ஏறும் இடத்தில் வஞ்சகமும் புகும். வெயிலாலோ இரசாயனத்தாலோ வெளுத்த அட்டையை, ‘மை விடுபட்டது’ என்று விற்க முனைவோர் உண்டு.

இரண்டையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். அச்சிலேயே விடுபட்டதாயின், அந்த மையின் சுவடே இராது. பிற மைகள் தெளிவாயிருக்கும். வெளுத்ததாயின், பிற மைகளும் சோர்ந்திருக்கலாம். பூதக்கண்ணாடியின் கீழ் ஏதோ ஒரு மூலையில் சிவப்பின் எச்சப் புள்ளிகள் தென்படலாம்.

இதை எண்ணும்போது என் பெரியம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. சிரிக்கத் தெரியாத பிறவி என்றே அவரை ஊர் பேசிற்று. ஒரே ஆண்டில் இரு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர் அவர் என்பதைப் பேசியவர்களில் பலர் அறியார். என் அன்னை மட்டும் அறிவார். கைக்குழந்தை எதையேனும் பெரியம்மாவின் மடியில் கிடத்திவிட்டு, அவர் முகத்தையே பார்த்திருப்பார். அந்த உதட்டோரத்தில் ஒரு கணம் ஏதோ அசையும்.

அப்புள்ளிகளைக் காண அருகில் அமர்வோர் வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு, இல்லாததும் இழந்ததும் ஒன்றுபோலவே தோன்றும்.