கரைப்பக்கத்து இருக்கை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு வழி கேட்டபோது ஒருவர் சொன்னார்: "நம்பர் தேடாதீங்க. தெருவுல நின்னு காதைக் குடுங்க. தறி சத்தம் எங்க வருதோ அந்த வீடுதான்." ஒரு காலத்தில் இங்கே இப்படி வழி சொல்லியிருக்க முடியாது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்தச் சத்தம் இருந்தது.

கூடத்தை நிறைத்துக் கிடந்தது குழித்தறி. குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்த பெரியவருக்கு 71 வயது. அவருக்கு இடப்பக்கம், கரை ஓடுகிற ஓரத்தில், மடித்த பழைய போர்வைமேல் அவருடைய மனைவி. வயது 66. தறியில் இருந்த சேலையில் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை. பெரியவர் மிதியை அழுத்தி, நீளவாட்டுப் பாவு இழைகள் திறந்ததும் அந்த அம்மா தன் பக்கத்து நாடாவைத் தள்ளினார். கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டன. பெரியவர் பலகையை இழுத்து அடித்தார். மறுபடி மிதி, மறுபடி நாடா. இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

இதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தலா ஒன்றாக இரண்டு. மூன்றையும் ஒரே ஆள் போடுவது கடினம் என்பதால் ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். வேறு நிறக் கரை வெட்டாமல், தைக்காமல் உடலோடு சேர்ந்திருப்பது அந்த இரண்டாவது ஆளால்தான். 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற நுட்பங்களில் கோர்வை முக்கியமானது.

அந்த இருக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. "நான் அங்க ஒக்காந்தப்ப எனக்கு எட்டு வயசும்மா. எங்கப்பா குழியில, நான் ஓரத்துல" என்றார் பெரியவர். தலைமுறை தலைமுறையாக அது சிறுவர்களின் இடம். சொந்தப் பிள்ளை இல்லாத தறிக்கு, முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 1990-களிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு முயற்சிகள் இந்தத் தெருக்களுக்குள் வந்தன. பையன்கள் பள்ளிக்குப் போனார்கள். போகத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் காலியான அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி உட்கார்ந்தார், தாய் உட்கார்ந்தார், பல வீடுகளில் பாட்டி உட்கார்ந்தார்.

அந்த அம்மாவின் நாள் தறியில் தொடங்குவதில்லை. விடியற்காலையில் ராட்டையில் தார் சுற்றுகிறார். அன்றைக்கு ஓடப்போகிற ஊடு இழை முழுவதும் அவர் கையால் தாரில் ஏறியாக வேண்டும். பிறகு சமையல். பிறகு கரையோரத்தில் இந்தப் போர்வை. "நீங்க எத்தனை வருஷமா இந்த வேலை செய்றீங்க?" என்று கேட்டேன். "நான் என்னம்மா வேலை செய்றேன், வூட்லதான் இருக்கேன்" என்றார், நாடாவைத் தள்ளிக்கொண்டே.

கூலி ஒரு சேலைக்கு இவ்வளவு என்று வருகிறது. கூட்டுறவு சொசைட்டி பாஸ்புத்தகத்தில் பெரியவர் பெயர் மட்டும் இருக்கிறது. தார் சுற்றியதற்கும் கரை போட்டதற்கும் தனியாக எதுவும் இல்லை. 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர். அவர்களில் 8.48 லட்சம் பேர் நெசவாளர்கள் அல்ல, நெசவுக்குத் துணைத் தொழில் செய்கிறவர்கள். மொத்தத்தில் 72 சதவீதம் பெண்கள். கணக்கில் ஏறிவிட்ட இந்தக் கைகள் கூலியில் இன்னும் ஏறவில்லை.

மூன்று வீடு தள்ளி, பாவு பிணைக்கும் தாத்தாவைப் பார்த்தேன். வயது 78. ஒரு பாவு மூன்று சேலைக்கு வரும். அது தீர்ந்ததும் அச்சில் நிற்கிற பழைய இழை நுனி ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு, அவ்வளவுதான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அவர் இழையைப் பார்ப்பதில்லை, தொடுகிறார். "கண்ணு பார்க்கிற வேலையில்ல இது. இழை விட்டா விரலுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். ஒரு இழை தவறினால் சேலை நெடுக ஒரு கோடு விழும். அவர் கைபடாமல் அந்தத் தெருவில் தறி ஓடாது. கற்றுக்கொள்ள யாராவது வந்தார்களா என்று கேட்டதற்குக் கையை மட்டும் விரித்தார்.

இந்த வயதிலும் உழைக்கிறார்களே என்று மெச்சுவது எனக்கு உடன்பாடில்லை. பெரியவர் குழியிலிருந்து எழுந்தபோது தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முட்டி நிமிரவில்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும், வருமானமும் நிற்கும். அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு உண்டு. இங்கே அப்படி ஒரு வயது இல்லை. இவர்கள் விரும்பி உழைக்கிறார்களா, வேறு வழியில்லாமலா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பெரியவரே இரண்டையும் சொன்னார். "நெய்யலன்னா கை என்னவோ மாதிரி இருக்கும்" என்றவர், சற்றுக் கழித்து, "மாத்திரைக்குக் காசு வேணுமில்ல" என்றார்.

மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். நான் கிளம்பும்போது கம்பெனி பஸ் அவரை முனையில் இறக்கிவிட்டுப் போனது. "அவன் போனது சரிதாம்மா. இந்தக் கூலியில அவன் புள்ளைய என்னா பண்ணுவான்" என்றார் தகப்பன். அந்தக் குரலில் வருத்தம் இல்லை. அதனால்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. கைத்தொழில் அழிகிறது என்று இளைஞர்களைக் குறை சொல்கிறவர்கள் அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளிகளும் தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் கரை போடுவதற்கும் தனிக் கூலி எழுதலாம். பாஸ்புத்தகத்தில் இரண்டாவது பெயர் ஒன்றுக்கு இடம் விடலாம். பாவு பிணைக்கும் தாத்தாவிடம் இரண்டு பேர் தொழில் பழக உதவித்தொகை கொடுக்கலாம், அவர் விரல் நடுங்கத் தொடங்குமுன்.

வாங்குகிற நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த கல்யாணத்துக்குக் கோர்வைப் பட்டு எடுக்கும்போது சேலையைப் பின்பக்கம் திருப்பி, கரையும் உடலும் சேர்கிற வரியை விரலால் தடவிப் பாருங்கள். அதில் இரண்டு பேர் கை இருக்கிறது. இரண்டு பேருக்கும் கூலி போனதா என்று கடையில் கேளுங்கள்.