எட்டாவது வெற்றி

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் நம் பேரன் பள்ளியிலிருந்து வந்தான். வழக்கமாக வாசலிலேயே ஒலிக்கும் குரல் அன்று ஒலிக்கவில்லை. இறகுப்பந்து மட்டையை உறையோடு பீரோவின் மேல் எறிந்துவிட்டு, நம்மருகே வந்து அமர்ந்து, "இனிமே நான் ஆடமாட்டேன் நன்னா" என்றான். பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியின் அரையிறுதியில், தன்னிலும் ஒரு வகுப்பு கீழே படிக்கும் சிறுவனிடம் தோற்று வந்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோல்வியைவிட அந்த ஒரு வகுப்புதான் பெரிதாக வலித்தது.

தேற்றுவதற்கு நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "ரூடி ஹார்ட்டோனோவை நினைத்துப் பார்" என்றோம். பேரன் சட்டென்று திரும்பினான். "அவருக்கென்ன நன்னா, அவர்தான் தோற்கவேயில்லையே!"

அந்த ஒரு சொல் நம்மைச் சுட்டது. அவன் மழலை பேசிய நாளிலிருந்து இந்தோனேசியாவின் அந்த மாவீரரின் கதையை நாம் அவனுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால், சொன்னதெல்லாம் பாதிக் கதை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பாதிக் கதையைச் சொன்னதற்கு ஒரு காரணமும் உண்டு. நமக்கும் அது பாதியாகவே வந்து சேர்ந்தது. 1974ஆம் ஆண்டுக் கோடையில், பினாங்குக்குச் சபர் போயிருந்த நம் மாமா ஊர் திரும்பினார். எல்லோருக்கும் கைலியும் சென்ட்டும் கொண்டு வந்தவர், நமக்கென்று நீண்ட அட்டைக் குழல் ஒன்றைக் கொண்டு வந்தார். அதனுள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை இறகுப்பந்துகள். கூடவே செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த ஒரு படம்.

அவ்வாண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ரூடியை எதிர்த்து நின்றவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். 1970இல் ஆசிய விளையாட்டில் தங்கமும், 1974இன் தொடக்கத்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் காமன்வெல்த் விளையாட்டில் தங்கமும் வென்றவர். முதல் ஆட்டத்தை 15–8 என்று குணாளனே கைப்பற்றினார். அடுத்த இரண்டையும் 15–9, 15–10 என்று ரூடி எடுத்துக்கொண்டார்.

"நம்ம குணாளன் தோத்துட்டாருன்னு எல்லாருக்கும் வருத்தந்தான் மருமவனே. ஆனா தோத்தது யாருக்கிட்டே? ஏழு வருஷமா யாராலயும் அசைக்க முடியாத ஆளுகிட்டே!" என்று மாமா சொன்னார். தம் ஆளைத் தோற்கடித்தவரின் படத்தைத்தான் அவர் பத்திரமாக வெட்டிக் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்த பெருந்தன்மை அன்று நமக்கு விளங்கவில்லை. ஏழு என்ற எண் மட்டும் நெஞ்சில் நிலைத்தது. மாமா மீண்டும் சபர் போனார். கதை அந்த ஏழோடு நின்றது.

அந்த ஏழு எளிதில் வந்ததன்று. ரூடி 1949 ஆகஸ்ட் 18ஆம் நாள் கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரில், ஒன்பது பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நியோ ஹாப் லியாங். சீன வம்சாவளியினர் தம் பெயர்களை இந்தோனேசியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளுமாறு அந்நாட்டரசு 1966இல் தூண்டியது. அக்காலத்தில் அவ்வினத்தார் பலரும் புதுப்பெயர் பூண்டனர். ரூடி ஹார்ட்டோனோ குர்னியாவான் என்று உலகம் அறிந்த பெயரும் அவ்வாறு பூண்ட பெயரே. பெயர் மாறினாலும் பிறப்பு மறக்கப்படாத ஒரு நாட்டில், அந்நாட்டின் கொடியையே தோளில் சுமக்கும் பொறுப்பு பதின்பருவத்திலேயே அவரிடம் வந்து சேர்ந்தது.

தந்தை சுல்கர்னைன் குர்னியாவான் தையற்கடையும் பால் தொழிலும் நடத்தியவர். இளமையில் தாமும் இறகுப்பந்து ஆடியவர். மகனோ தொடக்கத்தில் சுரபாயாவின் தார்ச்சாலையிலேயே ஆடித் திரிந்தான். மகனிடம் திறமையிருப்பதைக் கண்டுகொண்ட தந்தை, ரயில்வேக்குச் சொந்தமான ஒரு கிடங்கில் அவனுக்கு முறையான பயிற்சியைத் தொடங்கினார். அழகிய அடிகளை அவர் முதலில் கற்பிக்கவில்லை. வேகம், மூச்சை அடக்கியாளும் திறன், பிழையின்றி ஒரே சீராக அடிக்கும் பழக்கம், தாக்கும் துணிவு என்ற நான்கும்தான் அவருடைய பாடத்திட்டம். முதல் மூன்றும் உடலைக் கசக்கிப் பிழிந்தாலன்றி வாரா. பிள்ளையைப் பாராட்டும் தந்தையர் பலர். பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்த்த தந்தை அவர்.

இந்த நான்கும் எதற்கு உதவின என்பதை விளங்கிக்கொள்ள அக்கால ஆட்ட முறையை அறிய வேண்டும். இன்று எந்தப் பக்கம் பந்து விழுந்தாலும் ஒருவருக்குப் புள்ளி உண்டு. 21 புள்ளியில் ஆட்டம் முடியும். அன்றோ பந்தைத் தொடங்கி அடிப்பவர் வென்றால் மட்டுமே புள்ளி. எதிராளி வென்றால், தொடங்கும் உரிமை கைமாறும், எண்ணிக்கை நகராது. 15 புள்ளிகளைச் சேர்ப்பதற்குள் களத்தில் நெடுநேரம் ஓடித் தீர்க்க வேண்டும். அத்தகைய ஆட்டத்தை ரூடி ஓட்டப்பந்தயமாக மாற்றினார். பந்து இறங்கி வரும்வரை காத்திராமல் முன்னே பாய்ந்து உயரத்திலேயே சந்தித்து அடிப்பார். எதிராளிக்கு மூச்சுவிடவும் இடைவெளி தரமாட்டார். முதல் ஆட்டத்தை இழந்தாலும் மூன்றாவதில் எதிராளியின் கால்கள் தளரும், இவருடையவை தளரா.

1968இல், பதினெட்டே வயதில், தம் முதல் அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் மலேசியாவின் தான் அய்க் ஹுவாங்கை அவர் எதிர்கொண்டார். முதல் ஆட்டம் 6–15 என்று கைநழுவிற்று. இரண்டாவதை 15–9 என்று மீட்டார். மூன்றாவது 15–1! சுரபாயாக் கிடங்கில் தந்தை கற்பித்த மூச்சுப் பயிற்சியின் கணக்கு அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது. அதன்பின் 1974 வரை ஆண்டுதோறும் அப்பட்டம் அவருடையதே. டார்மாடி, முல்யாடி, கிறிஸ்டியன் ஹடினாட்டா என்று தம் நாட்டவர் எதிர்நின்றபோதும் சரி, டென்மார்க்கின் ஸ்வென்ட் பிரி 1970இலும் 1972இலும் எதிர்நின்றபோதும் சரி, முடிவு மாறவில்லை. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இறகுப்பந்து காட்சி விளையாட்டாக நடந்தபோதும் ஒற்றையரில் முதலிடம் ரூடிக்கே.

இதுவரை பேரனுக்குச் சொல்லியிருந்தோம். இனி வருவதுதான் சொல்லாமல் விட்ட பாதி.

இரண்டு முறை இறுதியில் தோற்ற ஸ்வென்ட் பிரி வீட்டுக்குப் போய் மட்டையைப் பீரோவின் மேல் எறிந்துவிடவில்லை. 1973இல் ஜகார்த்தாவில் நடந்த தாமஸ் கோப்பை இறுதியில் இந்தோனேசியா டென்மார்க்கை 8–1 என்று வென்றது. டென்மார்க் பெற்ற அந்த ஒரே வெற்றி, ரூடியின் சொந்த மண்ணில், ரூடியைத் தோற்கடித்து பிரி பெற்றதே. பின்னர் 1975இல் வெம்ப்ளி இறுதியில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். எட்டாவது பட்டம் ரூடிக்கே என்று எதிர்பார்த்து ஒரு நாடே காத்திருந்தது. பிரி 15–11, 17–14 என்று வென்றார். ஏழாண்டுகள் எவரும் அசைக்காத தூண் ஒரே மாலையில் சாய்ந்தது.

அன்றோடு ரூடி நிறுத்தியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தொடர்ந்து ஏழு என்பதே அவர் பெயர் நிலைக்கப் போதுமானது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இளைஞன் துணிந்து களத்தில் இறங்குவது வேறு. இழக்கப் பெரும்புகழ் உள்ளவர், இழக்க நேரும் என்பதைக் கண்கூடாகக் கண்ட பிறகும் இறங்குவது வேறு. ரூடி 1976இல் மீண்டும் வெம்ப்ளிக்குச் சென்றார். இறுதியில் எதிர்நின்றவர் அவருடைய நாட்டின் அடுத்த தலைமுறை வீரரான லீம் ஸ்வீ கிங். துள்ளியெழுந்து வானிலிருந்து அடிக்கும் அடிக்குப் பேர்போன இளைஞர். அவரை வென்று ரூடி எட்டாவது பட்டத்தைப் பெற்றார். ஆடவர் ஒற்றையரில் அந்த எட்டை எவரும் இன்றுவரை எட்டவில்லை.

முதல் ஏழும் திறமையால் வந்தவை என்றால், இந்த எட்டாவது தோல்வியின் தோளில் ஏறி நின்று பறித்தது. நம் கணக்கில் ஏழைவிட இந்த ஒன்று கனமானது.

கதை அத்துடனும் முடியவில்லை. 1978இல் அதே வெம்ப்ளி இறுதியில் லீம் ஸ்வீ கிங்கிடம் ரூடி தோற்றார். காலம் தன் வேலையைச் செய்தது. முன்பு வெல்லப்பட்ட இளைஞர் இப்போது வென்றார். அந்தக் கிங்கையே 1980 அகில இங்கிலாந்து இறுதியில் நம் நாட்டின் பிரகாஷ் படுகோன் 15–3, 15–10 என்று வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியரானார். அதே ஆண்டில் உலக வாகையர் போட்டி ஜகார்த்தாவின் செனாயன் அரங்கில் நடந்தது. ரூடிக்கு முப்பத்தொன்று நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தன. அவ்விளையாட்டில் அது ஓய்வு பெறும் வயது. இறுதியில் மீண்டும் கிங். 15–9, 15–9 என்று நேர் ஆட்டங்களில் வென்று ரூடி உலக வாகையரானார். தம்மைத் தோற்கடித்தவரைத் தம் மக்கள் முன்னிலையில் வென்று, அதன்பின்தான் மெல்ல மெல்லக் களத்தைவிட்டு விலகினார்.

அவர் வாழ்க்கையைச் சொல்லும் நூலொன்று 1986இல் இந்தோனேசிய மொழியில் வெளிவந்தது. அதன் தலைப்பு 'நெல்லின் முறை கற்ற ராஜாளி' என்று பொருள்படும். நாம் ராஜாளி என்னும் பறவையை அவர்கள் ராஜாவாலி என்கிறார்கள். நெல்லின் முறை என்னவென்று நெல் விளையும் நாட்டினர்க்கு விளக்க வேண்டியதில்லை. கதிர் முற்ற முற்றத் தலை தாழும். மேலெழும் பறவைக்கும் தாழும் கதிருக்கும் என்ன உறவு என்று நெடுநாள் யோசித்திருக்கிறோம். தோல்வியைச் சந்திக்கத் தலை தாழ்த்தத் தெரிந்த பறவையே மறுபடியும் மேலெழ வல்லது என்று இப்போது நமக்குப் படுகிறது.

இவையெல்லாம் அன்று மாலை பேரனிடம் சொன்னோம். அவன் முகம் உடனே மலர்ந்துவிடவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "1975லே எத்தனைக்கு எத்தனை நன்னா?" என்று கேட்டான்.

"15–11, 17–14."

"பதினேழுக்குப் பதினாலா? அப்படின்னா கடைசி வரைக்கும் விடாம ஆடித்தானே தோத்திருக்காரு!"

ஏழு வெற்றிகளில் அவன் காணாத ரூடியை அந்த ஒரு தோல்வியின் எண்ணிக்கையில் கண்டுகொண்டான். நாம் அரை நூற்றாண்டாகக் கண்டுகொள்ளாததும் அதுவே. பிள்ளைகளுக்கு முன்மாதிரி காட்டுகிறோம் என்று சொல்லி, பெரியோரின் வெற்றிகளை மட்டும் மாலையாகத் தொடுத்து அவர்கள் கழுத்தில் போடுகிறோம். பிள்ளை முதன்முறை இடறி விழும்போது அந்த மாலையே பாரமாகிறது. தோற்காதவரைப் போல் ஆக எவராலும் இயலாது என்று அது மட்டையைத் தூக்கி எறிகிறது. குற்றம் பிள்ளையினுடையதன்று, பாதிக் கதை சொன்ன நம்முடையது.

மாமா இன்றில்லை. தம் ஆளைத் தோற்கடித்தவரின் படத்தை வெட்டியெடுத்துக் கடல் கடந்து கொண்டு வந்த அவர், முழுக்கதையையும் கேட்டிருந்தால் முதலில் ஸ்வென்ட் பிரியைத்தான் பாராட்டியிருப்பார் என்று தோன்றுகிறது.

பேரன் சில நாட்கள் கழித்து நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து மட்டையை எடுத்தான். நாம் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம். அடுத்து வந்த போட்டியில் அதே சிறுவனிடம் மறுபடியும் தோற்றான். இம்முறை மூன்று ஆட்டங்கள் வரை போயிற்றாம். வீட்டுக்கு வந்தவன் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

மட்டை வாசற்கதவின் ஆணியில் தொங்கிற்று.